நரம்பில் செய்தி செல்லும் வேகம்

காலில் முள் தைக்கிறது. உடனே காலை இழுத்துக்கொள்கிறோம். இரண்டும் ஒரே கணத்தில் நிகழ்வனபோல் தோன்றினும் இடையே சிறிது காலம் கழிகிறது. அக்காலம் அளவிடற்கு அரியது என்று உடலியல் அறிஞர் யோஹன்னஸ் முல்லர் கருதினார். அவருடைய மாணவர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1850-இல் தவளையின் நரம்பில் அதனை அளந்தே காட்டினார். கிடைத்த விடை விநாடிக்குச் சுமார் 27 மீட்டர். ஒலியினும் மிகக் குறைந்த வேகம்!

அவர் கையாண்ட வழியே இன்றும் மருத்துவமனைகளில் பயன்படுகிறது. கட்டைவிரலின் அடித்தசை மீது மின்வாய் ஒட்டப்படுகிறது. மணிக்கட்டில் மீடியன் நரம்பை மின்சாரத்தால் தூண்டினால், 3.5 மில்லி விநாடியில் தசை துடிப்பதாகக் கொள்வோம். இதில் நரம்பும் தசையும் கூடுமிடத்தில் ஏற்படும் தாமதமும் அடங்கும். ஆகவே முழங்கையிலும் தூண்டுகிறார்கள். அப்போது 7.5 மில்லி விநாடி ஆகிறது. கழித்தால் தாமதம் நீங்கி 4 மில்லி விநாடி எஞ்சும். இரு இடங்களுக்கும் இடைத்தூரம் 220 மில்லிமீட்டர் எனில், வேகம் விநாடிக்கு 55 மீட்டர். நலமுள்ளவர் கையில் இது பொதுவாக 50-க்கு மேலும், காலில் 40-க்கு மேலும் இருக்கும்.

நோயுற்ற நரம்பில் நிகழ்வது யாது? நரம்பிழையைப் போர்த்தியுள்ள மயலின் உறை சிதைந்தால் வேகம் பெரிதும் குறையும். கில்லன்-பாரே நோயில் இதனைக் காணலாம். உறை நிற்க, இழைகளே மடிந்தால் வேகம் அவ்வளவாகக் குறைவதில்லை. எஞ்சிய இழைகள் தம் வேகத்திலேயே செய்தியைக் கொண்டுசெல்கின்றன. ஆனால் தசையில் எழும் மின்னலையின் உயரம் தாழ்ந்துவிடும். எனவே வேகம், உயரம் இரண்டையும் சேர்த்தே நோக்க வேண்டும். தொழுநோயில் முழங்கையருகே அல்னார் நரம்பு தாக்கப்படுவதுண்டு. அங்கு ஏற்படும் வேகக் குறைவை முன்னரே கண்டு மருத்துவம் செய்தால், விரல்கள் மடங்கிப்போகாமல் காக்க வழியுண்டு.

அளப்பவர் ஏமாறும் இடங்களும் உள. கை குளிர்ந்திருந்தால், ஒரு டிகிரி செல்சியஸுக்குச் சுமார் 2 மீட்டர் வீதம் வேகம் குறையும். நலமான நரம்பும் நோயுற்றதாகத் தோன்றும். ஆதலால் முதலில் கையை வெதுவெதுப்பாக்க வேண்டும். மேலும், இச்சோதனை பருத்த இழைகளையே அளக்கிறது. வலியையும் வெப்பத்தையும் உணர்த்தும் மெல்லிய இழைகள் இதில் அகப்படுவதில்லை. நீரிழிவு நோயாளி ஒருவர் "பாதம் எரிகிறது" என்கிறார். கருவியோ குறையில்லை என்கிறது. அவர் பொய் சொல்கிறார் என்று முடிவு கட்டலாமா? கூடாது. கருவி எதை அளக்கவில்லை என்பதையும் அறிந்தவரே அதன் விடையைச் சரியாகப் படிக்க வல்லவர்.