அழகன்குளம்: ஆற்றோடு சேர்த்து நடத்த வேண்டிய ஊர்

ரோமானியருடன் நடந்த கடல் வணிகத்தைப் பாடமாக நடத்தும்போது, நம் மாவட்டப் பிள்ளைகள் அதை எங்கோ நடந்த கதையாகவே கேட்கிறார்கள். ராமநாதபுரத்துக்குக் கிழக்கே, வைகையின் முகத்துவாரத்தை ஒட்டியுள்ள அழகன்குளத்திலிருந்து தொடங்கிப் பாருங்கள்.

1986-87 முதல் தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை இங்கே பலமுறை அகழாய்வு செய்திருக்கிறது. ரோம நாணயங்கள், மதுச்சாடித் துண்டுகள், தமிழி எழுத்துப் பொறித்த பானை ஓடுகள், கப்பல் உருவம் கீறிய ஓர் ஓடு எனப் பலவும் கிடைத்தன. இந்தப் பட்டியலை மனப்பாடம் செய்யவைத்துப் பயனில்லை. "துறைமுகம் ஏன் இந்த இடத்தில் அமைந்தது?" என்று கேளுங்கள். வருசநாட்டு மலையில் தோன்றும் வைகையை ஒரு மாணவர் வரைபடத்தில் விரலால் தொடர்ந்து வரட்டும். மதுரை வரும், கீழடிப் பக்கம் வரும், கடைசியில் அழகன்குளம். பாண்டியர் தலைநகருக்குக் கடல்வாசல் எது என்பதை விரலே காட்டிவிடும். பக்கத்து ஊரின் பெயரே ஆற்றங்கரைதான்!

"அந்த ஆற்றில் இப்போது ஏன் தண்ணீர் இல்லை, சார்?" என்று பிள்ளைகளே கேட்பார்கள். வைகை நீர் வழியிலுள்ள கண்மாய்களிலும், கடைசியாக ராமநாதபுரம் பெரிய கண்மாயிலும் தங்கிவிடுகிறது. நல்ல வெள்ளம் வந்தால்தான் கடலைத் தொடும். பாசன வரலாறும், வறண்ட மாவட்டம் என்ற பேச்சும் இங்கே சேர்ந்தே வரும். ஒரு பாடவேளை போதாது, இரண்டு ஒதுக்குங்கள்.

களப்பயணம் போனால், கண்ணில் படும் ஓட்டை யாரும் எடுக்க வேண்டாம். கிடந்த இடத்திலேயே வைத்துப் படம் வரையட்டும். எங்கே கிடந்தது என்று தெரியாத ஓடு ஆய்வாளருக்கு அதிகம் உதவாது. ஆறாம் வகுப்புக்கு இது போதும். பத்தாம் வகுப்பினர் வழியிலுள்ள கண்மாய்களையும் வரைபடத்தில் குறிக்கலாம்.