ஸ்லோ குக்கர் வாங்கப் போகிறீர்களா?

மூன்று, நான்கு பேர் உள்ள வீட்டுக்கு 3 முதல் 3.5 லிட்டர் ஸ்லோ குக்கரே போதும். பாதியாவது நிரம்பினால்தான் பதமாக வேகும்; 6 லிட்டரில் கொஞ்சமாகச் சமைத்தால் ஓரமெல்லாம் காய்ந்து பிடித்துக்கொள்ளும். உள்பாத்திரம் தனியே கழற்றிக் கழுவும்படி இருக்கட்டும். காலையில் போட்டுவிட்டு ஆபீஸ் போகிறவர்கள், நேரம் முடிந்ததும் தானாகவே ‘வார்ம்’ நிலைக்கு மாறும் டைமர் உள்ளதையே வாங்குங்கள். கூடுதல் விலைக்கு அது தகும். அடிக்கடி கரண்ட் போகும் ஊரென்றால் யோசியுங்கள்: பல மணி நேரம் அணைந்து கிடந்த குழம்பைச் சாப்பிடக் கூடாது.

ராஜ்மாவை மட்டும் நேரடியாகப் போடவே வேண்டாம். இரவு ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் 10 நிமிடம் தளதளவெனக் கொதிக்கவிட்ட பிறகே குக்கருக்கு மாற்றுங்கள். குறைந்த சூட்டில் அதன் நச்சு முறியாது.