மருந்தும் ஈரலும்



நோயாளிகளின் படுக்கையருகே நாங்கள் அடிக்கடி கேட்கும் பதில், "மருந்து ஒன்றும் சாப்பிடவில்லை ஐயா, கஷாயம் மட்டும்தான்" என்பதே. அந்தக் கஷாயத்தையும் டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

நம்மைக் கிருமிகளிடமிருந்து காக்கும் எதிர்ப்புச் சக்தி, சிலருக்குத் தங்கள் சொந்த ஈரலையே பகையாக எண்ணித் தாக்குகிறது. சில மருந்துகள் இதைத் தூண்டிவிடலாம். சிறுநீர்த் தொற்றுக்கு நீண்டகாலம் எடுக்கும் நைட்ரோஃபுரான்டாயின், முகப்பருவுக்கான மினோசைக்ளின், இரத்த அழுத்தத்திற்கான மெத்தில்டோபா, ஹைட்ரலசீன் ஆகியவை அவற்றுள் சில. கோவிட் காலத்தில் பலர் குடித்த சீந்தில் கொடிக்கும் இத்தகைய ஈரல் பாதிப்புக்கும் தொடர்பு இருப்பதாக 2021இல் மும்பை மருத்துவர்கள் ஆறு நோயாளிகளைக் குறித்து எழுதினார்கள்.

இது வெகு சிலருக்கே வரும். ஆகையால் பயந்து மருந்தை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். கண் மஞ்சளித்தல், சிறுநீர் கறுத்துப்போதல், பசியின்மை, தீராத களைப்பு கண்டால் தாமதியாமல் டாக்டரைப் பாருங்கள். இரத்தப் பரிசோதனை காட்டிக்கொடுக்கும். காரணமான மருந்தை நிறுத்தினால் பெரும்பாலோர் தேறுகிறார்கள். சிலருக்கு ஸ்டீராய்டு மாத்திரையும் தேவைப்படும். அந்த மருந்தை மறுபடி எடுக்கலாகாது.

ஆஸ்பத்திரிக்கு வரும்போது மாத்திரை, லேகியம், பொடி எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுவாருங்கள். யாரும் கடிந்துகொள்ள மாட்டோம். மறைத்தால்தான் ஆபத்து.