பன்னாடையும் புரையும்: நானோ களிமண் சேர்ந்த நார்க்கலவைத் தகடுகளின் குறைகளைத் தமிழில் பெயரிடல்

திறவுச்சொற்கள்: பன்னாடை, நானோ களிமண், நிரப்பி, புரை, கலைச்சொல்லாக்கம்

தென்னை மட்டையின் அடியைச் சுற்றி இயற்கையே நெய்துவைத்த வலையைப் பன்னாடை என்பர். நன்னூல் பொதுப்பாயிரத்தில் பவணந்தி முனிவர் கடைமாணாக்கருக்குக் கூறும் உவமைகளுள் ஒன்றாகிய நெய்யரிக்கு உரையாசிரியர் தரும் பொருள் இதுவே. நெய்யை ஒழுகவிட்டுக் கசடைப் பற்றிக்கொள்ளும் அதன் இயல்பு அங்கே இழிவாயிற்று. விருதுநகர் மாவட்டம் கிருஷ்ணன்கோயிலிலுள்ள கலசலிங்கம் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தென்னம்பன்னாடையையே வலுவூட்டும் நாராகக் கொண்டு, பாலியெஸ்டர் பிசினில் மாண்ட்மொரிலோனைட் என்னும் நானோ களிமண்ணைச் சேர்த்து உருவாக்கிய தகடுகளைப் பற்றி 2013ஆம் ஆண்டையொட்டிக் கட்டுரைகள் வெளியிட்டனர். தறியில் ஏற்றாமலே கிடைக்கும் நெசவு என்பது அந்நாரின் சிறப்பு.

இக்களிமண் ஏறத்தாழ 1 நானோமீட்டர் தடிப்புள்ள ஏடுகளின் அடுக்காகும். ஏடுகள் பிரிந்து பிசினில் சீராக விரவினால், விரிசல் நேரே ஓடாமல் சுற்றிச் செல்ல நேரும். நீர் புகும் வழியும் நீளும். தீப்பற்றுங்கால் மேற்பரப்பில் கரியடை உருவாகி வெப்பம் உட்புகுவதைத் தாமதப்படுத்தும். பட்டாசு ஆலைகளுக்கு அணித்தே நிகழும் ஆய்வில் இப்பண்பு சிறு செய்தியன்று. ஆயின் இந்நன்மைகள் யாவும் சிறிதளவு சேர்த்த நிலையிலேயே கிட்டும். அளவு கூடின் பிசின் தடித்துவிடும். கலக்கும்போது சிக்கிய காற்று வெளியேறுமுன்பே அது இறுகிவிடும். பிரியாத ஏடுகள் திரளைகளாக நிற்க, விசை அவற்றைச் சுற்றிக் குவிந்து விரிசல் அங்கேயே தொடங்கும். பிசின் நார்வலையினூடே பாயும் வார்ப்புமுறைகளில் பெருந்திரளைகள் வலையிலேயே தங்கிவிடுவதும் உண்டு. அதனால் தகட்டின் ஒருபுறம் களிமண் மிகுந்தும் மறுபுறம் குறைந்தும் அமையும். நெய்யரி தன் பழைய தொழிலை மறப்பதில்லை.

சிக்கிய காற்றால் உண்டாகும் குழிகளின் தீங்கு பெரிது. நார்க்கலவைத் தகடுகள் பற்றி 1978இல் ஜட், ரைட் இருவரும் தொகுத்த மதிப்பீட்டின்படி, குழிகளின் கனஅளவு 4 விழுக்காட்டை எட்டும்வரை, ஒவ்வொரு விழுக்காட்டுக்கும் அடுக்குகளுக்கு இடையிலான சறுக்குவலிமை ஏறத்தாழ 7 விழுக்காடு குறைகிறது.

இக்குழியைத் தமிழில் 'வெற்றிடம்' என எழுதுவோர் உளர். அது பொருந்தாது. காற்றை உறிஞ்சி வெற்றிடம் உண்டாக்குவதே இக்குழிகளைத் தவிர்க்கும் வழிகளுள் ஒன்று. ஆகவே குறைக்கும் அதன் தீர்வுக்கும் ஒரே பெயர் நேர்கிறது. மேலும் குழியினுள் காற்றோ ஆவியோ இருப்பதால் அது வெற்றிடமும் அன்று. 'புரை' என்னும் சொல்லோ உட்டுளை, குற்றம் என்னும் இருபொருளையும் ஒருங்கே உடையது. திருக்குறளில் அது குற்றப்பொருளில் வருகிறது. புரையோடிய புண் என்னும் வழக்கிலோ உள்ளே பரவும் துளையைச் சுட்டுகிறது. பொறியியலார் சுட்ட விரும்புவதும் குற்றமாகிய துளையையே. புரைவீதம், நுண்புரை, புரையற்ற வார்ப்பு எனச் சொல் கிளைக்கவும் இடமுண்டு. மருத்துவத்தில் கண்புரை வேறு பொருள் தருமெனினும், துறை வேறாதலின் மயக்கம் நேராது.

'நிரப்பி' என்பதிலும் இடர்ப்பாடு உண்டு. நானோ களிமண் புரையை நிரப்புவது என்றே முதன்முறை படிப்போர் கொள்வர். மிகுதியாகச் சேர்ந்தால் அது புரையைப் பெருக்குவதை மேலே கண்டோம். 'சேர்துகள்' எனின் அத்தவறு நேராது.

சிவகாசிப் பட்டாசுத் தொழிலில் வெடிக்கலவை 'மருந்து' என்றே வழங்கும்; அதற்கெனக் கலைச்சொற்குழு எதுவும் கூடவில்லை. அவ்வாறே தகடு வார்க்கும் கூடங்களிலும் இக்குழிகளுக்கும் திரளைகளுக்கும் வாய்மொழிப் பெயர்கள் இருக்கக்கூடும். அவை களத்தில் தொகுக்கப்பட்ட பின்னரே 'புரை'யையும் 'சேர்துகளை'யும் அகராதியில் ஏற்றுதல் முறையாகும்.