ஸ்பார்க் பிளக் மாற்றுவது நாமா, மெக்கானிக்கா? மலையேறும் தேனிக்காரர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

தேனியிலிருந்து கம்பம் வரை ஒரு குறையும் இல்லாமல் ஓடும் பெட்ரோல் கார், போடிமெட்டின் 17 கொண்டை ஊசி வளைவுகளில் திணறுவதுண்டு. இரண்டாம் கியரில் மிதித்தால் வெட்டி வெட்டி இழுக்கும். ‘மிஸ் அடிக்குது’ என்பார்கள். ஏற்றத்தில் ஆக்ஸிலேட்டரை அழுத்தும்போது சிலிண்டருக்குள் அழுத்தம் கூடுகிறது. அழுத்தம் கூடினால், பிளக் நுனியின் இடைவெளியைத் தாண்டிப் பொறி பாய வோல்டேஜும் கூடுதலாக வேண்டும். தேய்ந்த பிளக்கில் அந்த இடைவெளி அகன்றுபோயிருக்கும். சமவெளியில் சமாளித்துவிடும், மலையில் முடியாது. குமுளிக்கும் மேகமலைக்கும் அடிக்கடி ஏறுகிறவர்கள் பிளக் மாற்றுவதைத் தள்ளிப்போடக் கூடாது. எரியாத பெட்ரோல் சைலன்சர் பக்கம் போனால் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் சூடேறிக் கெடும். அது பெரிய செலவு.

முதலில் வண்டியைப் பாருங்கள்

ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போகும் டீசல் ஜீப்புக்கு இந்த வழிகாட்டி பொருந்தாது. டீசல் இன்ஜினில் ஸ்பார்க் பிளக் கிடையாது.

பெட்ரோல் காரில் வழக்கமாகச் சிலிண்டருக்கு ஒரு பிளக். மாருதி 800, ஆல்ட்டோ 800 போன்றவற்றில் மூன்று. ஆனால் 2003 வாக்கில் வந்த ஹோண்டா சிட்டி ஐ-டிஎஸ்ஐ மாதிரி, நான்கு சிலிண்டருக்கு எட்டு பிளக் உள்ள வண்டிகளும் உண்டு. பானெட்டைத் திறந்ததும் பிளக் ஒயரோ காயிலோ கைக்கு எட்டினால் நீங்களே செய்யலாம். இன்டேக் மேனிஃபோல்டைக் கழற்றினால்தான் எட்டும் என்றால் மெக்கானிக்கிடம் போவதே நல்லது.

செலவுக் கணக்கு

சாதாரண நிக்கல் பிளக் ஒன்று சுமார் 100 முதல் 200 ரூபாய்க்குள் கிடைக்கும். 20,000 – 30,000 கிலோமீட்டர் தாங்கும். இரிடியம் பிளக்கின் விலை பல மடங்கு. ஆயுளும் அதிகம், 80,000 கிலோமீட்டருக்கு மேல் போகும். உங்கள் வண்டிக்கு எது என்பதை ஓனர் மேனுவலில் பாருங்கள். பிளக் எண்ணில் ஒரு எழுத்து மாறினாலும் வாங்காதீர்கள். பெரியவர்கள் ‘மைக்கோ பிளக்’ என்று கேட்பது இன்றைய பாஷ்தான். மைக்கோ 2008-இல் பெயர் மாறியது.

முதல் தடவை மிச்சம் எதுவும் இருக்காது. கூலியாகக் கொடுக்கும் பணம் கருவிக்குப் போய்விடும். அப்படியும் நீங்களே செய்து பாருங்கள் என்பேன். கழற்றிய பிளக்கைக் கையில் வைத்துப் பார்த்தவருக்குத்தான் தன் இன்ஜினின் உள்நிலை தெரியும். காசைவிட அதுதான் லாபம்.

தேவையானவை

ராட்செட், நீளமான எக்ஸ்டென்ஷன், ரப்பர் அல்லது காந்தம் வைத்த பிளக் சாக்கெட், ஃபீலர் கேஜ், ஒரு சாண் பெட்ரோல் டியூப். சாக்கெட் 16 மி.மீ.யா 21 மி.மீ.யா என்பது வண்டியைப் பொறுத்தது. பழைய பிளக்கின் அளவைப் பார்த்து வாங்குங்கள்.

கழற்றுவது

இன்ஜின் முழுதாக ஆறியிருக்க வேண்டும். ஹெட் அலுமினியம். சூட்டோடு கழற்றினால் மரை பிய்ந்துகொண்டு வரும். இரவு நிறுத்திய வண்டியில் காலையில் வேலை தொடங்குவது உத்தமம்.

ஆனி, ஆடியில் கம்பம் பள்ளத்தாக்கில் காற்று புழுதியை வாரி இறைக்கும். அந்த மாதங்களில் திறந்த வெளியில் இந்த வேலையைத் தொடாதீர்கள். பிளக் குழிக்குள் விழும் மணல், பிளக்கை எடுத்ததும் நேராகச் சிலிண்டருக்குள் போய் பிஸ்டனையும் சுவரையும் கீறும். எந்த மாதமானாலும், பிளக்கை அசைக்கும் முன் குழியைக் காற்றடித்துச் சுத்தம் செய்யுங்கள்.

சாவியை அணைத்து, ஒரு சிலிண்டரை முடித்துவிட்டே அடுத்ததற்குப் போங்கள். பழைய மாருதியில் பிளக் ஒயர்கள் இடம் மாறினால் வண்டி ஸ்டார்ட் ஆகாது. ஒயரை இழுக்காமல் அதன் ரப்பர் மூடியைப் பிடித்துத் திருகி எடுங்கள். பிளக் இறுக்கமாக இருந்தால் பலம் காட்டாமல் அங்கேயே நிறுத்துங்கள்.

பழைய பிளக் சொல்லும் சேதி

கழற்றிய வரிசையிலேயே ஒரு துணியில் அடுக்குங்கள். நுனி இளம்பழுப்பாக இருந்தால் இன்ஜின் நலம். உலர்ந்த கரி படிந்திருந்தால் பெட்ரோல் அதிகம் போகிறது, அல்லது ஏர் ஃபில்டர் அடைத்திருக்கிறது. எண்ணெய்ப் பிசுக்கு ஒட்டியிருந்தால் ரிங்கோ வால்வு சீலோ தேய்ந்திருக்கலாம். புது பிளக் போட்டாலும் அந்த நோய் தீராது. வெள்ளையாக வெந்து, கொப்புளம் கட்டியிருந்தால் இன்ஜின் அளவுக்கு மீறிச் சூடாகிறது. ரேடியேட்டரைப் பார்க்காமல் மலையேறாதீர்கள்.

எல்லாம் ஒரே நிறம், ஒன்று மட்டும் வேறு என்றால் அந்தச் சிலிண்டரில்தான் கோளாறு. எந்த எண் சிலிண்டர் என்று குறித்துக்கொண்டு மெக்கானிக்கிடம் சொன்னால் அவருக்குப் பாதி வேலை மிச்சம்.

மாட்டுவது

இடைவெளியை கேஜ் வைத்துப் பாருங்கள். கார்புரேட்டர் காலத்து வண்டிகளில் 0.7 – 0.8 மி.மீ. பிந்தைய வண்டிகள் பலவற்றில் 1 மி.மீ.யை ஒட்டி இருக்கும். மேனுவல் சொல்வதே முடிவு. இரிடியம் முனையை மட்டும் நெம்பவோ தேய்க்கவோ கூடாது. கீழே விழுந்த பிளக்கில் பீங்கான் உள்ளே விரிசல் விட்டிருக்கலாம், அதை மாட்டாதீர்கள்.

அடுத்ததுதான் இந்த வேலையின் உயிர்நாடி. பிளக்கின் தலையில் பெட்ரோல் டியூபைச் செருகி, குழிக்குள் இறக்கி, டியூபை விரலால் சுற்றுங்கள். மரை நேராகப் பிடித்தால் பிளக் தானாக இறங்கும். கோணலாகப் பிடித்தால் டியூப் வழுக்கிவிடும், மரை தப்பிக்கும். ராட்செட்டால் தொடங்குகிறவர்களுக்கு இந்த எச்சரிக்கை கிடைக்காது. ஹெட்டின் மரை போனால் லேத் பட்டறைச் செலவு வரும்.

கையால் முழுதாக இறங்கியபின்தான் ராட்செட். வாஷர் உள்ள புதிய 14 மி.மீ. பிளக்குக்கு அதன்பின் அரைச் சுற்று போதும். டார்க் ரென்ச் இருந்தால் மேனுவல் சொல்லும் அளவுக்கு இறுக்குங்கள். மரையில் கிரீஸும் எண்ணெயும் தடவாதீர்கள். தடவினால் கை தெரியாமல் அதிகம் இறுகும்.

காயிலை ‘டக்’ என்று அமரும்வரை அழுத்தி, கனெக்டரை மாட்டி ஸ்டார்ட் செய்யுங்கள். இன்ஜின் குலுங்கினால் கனெக்டரையோ ஒயரையோதான் முதலில் பாருங்கள்.

மெக்கானிக்கிடம் கொடுத்தால்

வாரன்டி உள்ள வண்டி, கழல மறுக்கும் பிளக், செக் இன்ஜின் லைட் எரியும் வண்டி ஆகியவற்றைக் கூலி கொடுத்தே செய்யுங்கள், அது வீண்செலவு ஆகாது. பிளக் எண்ணை எழுதி எடுத்துப்போங்கள். கூலியை முன்னாலேயே கேட்டுக்கொள்ளுங்கள். “அண்ணே, கழட்டுன பிளக்கை வரிசையா வைங்க, பாக்கணும்” என்று சொல்லுங்கள். நல்ல மெக்கானிக் கோபிக்க மாட்டார், எந்தச் சிலிண்டரில் என்ன தெரிகிறது என்று அவரே காட்டுவார்.