ஒரு நாள், ஒரு பாடம்

கேள்வி: எங்கள் ஊரில் சிலம்பம் சொல்லித் தருகிறேன். அக்கம்பக்கத்து ஊர்க்காரர்களையும் கூட்டி ஒருநாள் பயிலரங்கு நடத்த ஆசை. நூறு பேரைத் திரட்டலாமா?
– ஒரு வாசகர், தென்காசி

பதில்: வேண்டாம் ஆசானே. பதினாறு பேர் போதும். நெற்றி உயரக் கம்பைக் கை நீட்டி வீசுகிறவருக்குச் சுற்றிலும் எட்டடியாவது காலியாக இருக்க வேண்டும். நூறு பேர் வந்தால் பாதிப் பேர் வேடிக்கைதான் பார்ப்பார்கள்.

பாடமும் ஒன்றே இருக்கட்டும். காலடியை மட்டும் எடுங்கள். காலையில் கம்பே வேண்டாம். தரையில் சுண்ணாம்புக் கோடு போட்டு, முன்கால் திரும்பும்போது பின்குதிகால் எங்கே நிற்கிறது என்று ஒவ்வொருவரிடமும் குனிந்து பாருங்கள். கூட்டத்தில் இந்தக் குதிகால் கண்ணில் படாது. பிறகு கம்பெடுத்து இருவர் இருவராக, மெதுவாக. கால் மணிக்கு ஒருமுறை ஜோடியை மாற்றுங்கள். தன் ஊர்க்காரரோடே ஒட்டிக்கொள்ள விடாதீர்கள். எதிராளியின் அடியை நம்பித் தடுத்துப் பழகியவர்கள் அப்புறம் அந்நியர்களாக இருப்பதில்லை.

பக்கத்து ஊர் ஆசானை அழைத்து ஒரு மணி நேரம் அவர் கையில் கொடுங்கள். அவர் வரிசை வேறாக இருந்தால் இன்னும் நல்லது. எது சரி என்ற வழக்கு மட்டும் களத்தில் வேண்டாம்.

2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டில் சிலம்பம் காட்சி விளையாட்டாக இடம்பெற்றதிலிருந்து பெற்றோர் பலர் பதக்கம் பற்றியே கேட்கிறார்கள். பயிலரங்கு நாளில் மட்டும் போட்டியும் சான்றிதழும் இல்லை என்று முன்பே சொல்லிவிடுங்கள். மதியச் சாப்பாட்டை எல்லோரும் சேர்ந்தே சாப்பிடட்டும். அடுத்த பயிலரங்கு எந்த ஊரில் என்பதை அந்தப் பந்தியிலேயே முடிவு செய்துவிடுங்கள்.