எல் ஓர்தெனா, லா ஓர்தெனா?

ஸ்பானிஷ் படிக்க ஆரம்பிச்ச முதல் வாரத்திலேயே ஒரு குறுக்குவழி சொல்லித் தருவாங்க. 'ஓ'வில் முடிஞ்சா ஆண்பால், முன்னாடி 'எல்' போடு. 'ஆ'வில் முடிஞ்சா பெண்பால், முன்னாடி 'லா' போடு. அதனால் புத்தகம் 'எல் லிப்ரோ', மேசை 'லா மேசா'. தமிழில் பொருளைப் பார்த்துப் பால் சொல்றோம். அங்கே உயிரில்லாத மேசைக்கும் ஒரு பால் உண்டு.

இந்தக் குறுக்குவழி கைவிடும் சொற்களில் ஒன்று 'ஓர்தென்'. 'ன்'னில் முடியுது, அதனால் பார்த்தவுடனே பால் தெரியாது. அதைவிடப் பெரிய சிக்கல், இதற்கு இரண்டு பாலும் உண்டு. பால் மாறினா அர்த்தமும் மாறும்.

நாம என்ன செய்வோம்? இங்கிலீஷ் மீடியம் பழக்கத்தில் 'ஓர்தென்னா ஆர்டர்' என்று எழுதி வெச்சிட்டு அடுத்த சொல்லுக்குப் போயிடுவோம். அங்கேதான் மாட்டிக்குவோம். ஏன்னா வரிசைக்கும் ஆர்டர், கோர்ட் போடுறதும் ஆர்டர்.

கொஞ்சம் தமிழில் யோசிங்க. நம்மகிட்ட இதுக்குத் தனித்தனிச் சொற்கள் இருக்கு.

வரிசை, ஒழுங்கு என்று சொல்ல முடிஞ்சா 'எல் ஓர்தென்'. அகரவரிசை 'எல் ஓர்தென் அல்ஃபபேதிகோ'. நாம கணக்கில் போடும் முதல் வரிசை வகைக்கெழுச் சமன்பாட்டிலும் 'ப்ரிமெர் ஓர்தென்' என்று ஆண்பால்தான்.

ஆணை, கட்டளை என்று சொல்ல முடிஞ்சா 'லா ஓர்தென்'. கைது வாரன்ட், கம்பெனிகள் அனுப்பும் பர்ச்சேஸ் ஆர்டர் எல்லாம் இந்தப் பக்கம். மெக்சிகோவில் ஒரு தட்டு டாக்கோ கேட்கணும்னா 'ஊனா ஓர்தென் தெ தாகோஸ்'. அதுவும் பெண்பால். பிரான்சிஸ்கன் மாதிரியான துறவற சபைகளும் 'லா ஓர்தென்'தான். இது மட்டும் நம்ம சூத்திரத்தில் அடங்காது, தனியா மனப்பாடம் பண்ணிக்கோங்க.

அடைமொழியும் பாலுக்கு ஏற்ப மாறும். 'நுவேவோ ஓர்தென்' புதிய ஒழுங்கு. 'நுவேவா ஓர்தென்' புதிய ஆணை. கடைசி உயிரெழுத்து ஒன்றுதான் வித்தியாசம். இதைவிடக் குழப்பும் ஜோடியும் உண்டு. 'எல் ஓர்தென் தெல் தியா' என்றால் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரல். 'லா ஓர்தென் தெல் தியா' என்றால் ராணுவத்தில் அன்றைக்கு வரும் உத்தரவு. அதனால் இங்கே பால் தப்பினா, நீங்க சொல்ல வந்த விஷயமே மாறிப்போகும்.

இப்போ நீங்க சொல்லுங்க. இந்த இரண்டிலும் 'ஓர்தென்' ஆண்பாலா, பெண்பாலா?

1. போர் ஓர்தென் தெ எதாத் (வயது வரிசைப்படி)
2. போர் ஓர்தென் தெல் ஹுவெஸ் (நீதிபதியின் ஆணைப்படி)

'எல்', 'லா' எதுவுமே கண்ணில் படாது. ஆனா தமிழ் அர்த்தம் காட்டிக் கொடுத்துடும்: முதலாவது ஆண்பால், இரண்டாவது பெண்பால்.

அதனால் நோட்டில் 'ஓர்தென்' என்று ஒரே வரியில் எழுதாதீங்க. 'எல் ஓர்தென், வரிசை' ஒரு வரி. 'லா ஓர்தென், ஆணை' இன்னொரு வரி. இரண்டு தனிச் சொல்லாவே படிச்சிடுங்க. 'எல் கப்பிதால்' முதலீட்டுப் பணம், 'லா கப்பிதால்' தலைநகரம் என்று அடுத்த ஜோடி வரும்போது பயமே இருக்காது.